லீவா, காலியா? – ‘வெக்கேட்’ என்னும் வினைச்சொல்லின் பொருளும் பயன்பாடும் பிறப்பும்



பட்டம் பெற்று வெளியேறி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட ஒருவனிடம் ஆண்டிதழுக்குக் கட்டுரை கேட்டிருக்கிறீர்கள். இலக்கியக் கட்டுரை எழுதும் தகுதி எனக்கு இல்லை. ஆனால், ஒரே ஓர் ஆங்கில வினைச்சொல்லைப் பற்றி எழுதும் தகுதி உண்டு. அந்தச் சொல்லுக்குத் தவறாகப் பொருள் சொல்லி என் குடும்பத்தின் ஐந்து நாள்களை வீணாக்கியவன் நான். அந்தச் சொல் ‘வெக்கேட்’. அலுவலகக் கடிதங்களிலும் நீதிமன்ற ஆணைகளிலும் நீங்கள் தங்கியிருக்கும் விடுதியின் அறிவிப்புப் பலகையிலும் அது இருக்கிறது. அதன் பொருளைப் பார்க்கும் முன், அது எங்கள் வீட்டுக்குள் நுழைந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கடிதம் வந்த நாள்

1991 ஆம் ஆண்டு. கேமரன் மலையின் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தாத்தா பாட்டியோடு லயத்து வீட்டில் இருந்தோம். தோட்டத்தின் பெயர் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. நான் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவன். அப்பா தோட்டத்து வேலைக்குப் போகாமல் காய்கறி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்தின் செக்ரோலில் தாத்தாவின் பெயர்தான் இருந்தது. வீடும் அவர் பெயரில்தான்.

ஒருநாள் மாலை, பெரட்டுக்களத்தில் கொடுத்தார்கள் என்று ஒரு நீளமான கடித உறையைத் தாத்தா கொண்டுவந்தார். உள்ளே ஒரே தாள், தட்டச்சில் அடித்த ஆங்கிலம். தாத்தாவுக்குத் தமிழ் மட்டும் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். அப்பா லாரியில் கோலாலம்பூர் போயிருந்தார். வீட்டில் ஆங்கிலம் படித்தவன் என்று சொல்லிக்கொள்ள நான் ஒருவன்தான்.

“என்னா எழுதியிருக்கான், பாரு தம்பி” என்று பாட்டி என் கையில் கொடுத்தார்.

எனக்குப் புரிந்தவை நான்கைந்து சொற்கள்தாம்: தாத்தாவின் பெயர், ‘சேவை’, ‘முப்பது நாள்’, ‘நன்றி’. நடுவில் ‘வெக்கேட்’ என்ற சொல். அதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஆனால், ஆசிரியர் கொடுத்த ஆங்கிலக் கதைப் புத்தகத்தில் ‘வெக்கேஷன்’ என்ற சொல்லைப் பார்த்திருந்தேன். பள்ளி விடுமுறையில் கடற்கரைக்குப் போகும் பிள்ளைகளின் கதை அது. ‘வெக்கேஷன்’ என்றால் விடுமுறை. ஆகவே ‘வெக்கேட்’ என்றால் விடுமுறை கொடுப்பது. இப்படித்தான் என் மூளை கணக்குப் போட்டது.

“தாத்தாவுக்கு முப்பது நாளு லீவு குடுக்கறாங்க. இத்தன வருசம் வேல செஞ்சதுக்கு நன்றின்னு போட்டிருக்கு” என்றேன்.

தாத்தா சிரித்துவிட்டார். “லீவா? தொரையா குடுத்தாரு?” என்று இரண்டு முறை கேட்டார். பாட்டிக்கு உடனே பத்துமலை நினைவுக்கு வந்தது. கல்யாணமான வருடத்திலிருந்து போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்த கோயில் அது. “ஓய்வு ஒழிச்சல் இல்லாம கொழுந்து கிள்ளியே காலம் போச்சு. இப்பவாவது சாமி கண்ணத் தொறந்தாரு” என்று சொல்லி, பழைய சேலையைக் கிழித்துப் பயணத்துக்கு ஒரு துணிப்பை தைத்தார். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் செய்தி போனது.

ஐந்தாம் நாள் காலை, பெரட்டுக்களத்தில் கிராணியார் தாத்தாவைப் பார்த்து, “என்ன பெரியவரே, எங்கயாச்சும் வீடு பாத்துட்டீங்களா?” என்று கேட்டிருக்கிறார்.

தாத்தாவுக்கு வயது வந்துவிட்டதால் வேலை முடிகிறது. வேலையோடு சேர்த்து வீட்டையும் முப்பது நாள்களுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பதுதான் கடிதத்தின் செய்தி. அந்த முப்பதில் ஐந்தை நான் தின்றுவிட்டேன். தாத்தா என்னைத் திட்டவில்லை. பாட்டி மட்டும் தைத்த துணிப்பையைப் பிரித்து மடித்து வைத்தார். அடுத்த மாதம் அந்தத் துணியில்தான் சாமி படங்களைச் சுற்றிக் கட்டிக்கொண்டு லெம்பா பெர்த்தாமுக்கு வந்தோம். காய்கறித் தோட்டங்களுக்குப் பின்னால் பலகை வீடு ஒன்றை அப்பா வாடகைக்குப் பிடித்திருந்தார்.

சொல்லின் பொருள்

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். ‘வெக்கேட்’ என்பது அன்றாடப் பேச்சில் வருகிற சொல் அன்று. அம்மா மகனிடம் “அறையை வெக்கேட் செய்” என்று ஆங்கிலத்திலும் சொல்லமாட்டார். அது அதிகாரம் பேசும் சொல். எழுத்தில் வாழும் சொல். பிரிட்டிஷ் ஒலிப்பில் இரண்டாம் அசையில் அழுத்தம் விழும். அமெரிக்கர் பெரும்பாலும் முதல் அசையை அழுத்துவர்.

இதற்கு மூன்று பொருள்களை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

முதலாவது, குடியிருக்கும் இடத்தை விட்டு நீங்கி, அதை வெறுமையாக ஒப்படைப்பது. வீடு, கடை, விடுதி அறை, நிலம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். எங்களுக்கு வந்த கடிதத்தில் இருந்தது இந்தப் பொருளே.

இரண்டாவது, வகிக்கும் பதவியை அல்லது இருக்கையை விட்டு விலகுவது. ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் பதவி விலகினால் அவர் தம் இருக்கையை ‘வெக்கேட்’ செய்கிறார். அத்தொகுதி ‘வேக்கன்ட்’ ஆகிறது. மலேசியாவில் 2022 இல் நடப்புக்கு வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத் திருத்தத்தின் மையத்தில் இருப்பதும் இந்த ‘இருக்கை காலியாதல்’ என்ற கருத்துத்தான்.

மூன்றாவது, சட்டத் துறைப் பொருள்: ஓர் ஆணையை அல்லது தீர்ப்பைச் செல்லாததாக்குவது. நம் நாட்டு வழக்கறிஞர்கள் “விசாரணைத் தேதிகள் வெக்கேட் செய்யப்பட்டன” என்பார்கள். குறித்த நாள்கள் நீக்கப்பட்டன என்று பொருள். இந்தியாவில் இடைக்காலத் தடை நீக்கப்படும்போது, தடை ‘வெக்கேட்’ ஆனது என்பார்கள்.

மூன்றும் வேறு வேறு போலத் தோன்றினாலும் அடியில் ஓடுவது ஒரே எண்ணம். நிரம்பியிருந்த ஒன்று வெறுமையாகிறது. முதலாவதில் இடம், இரண்டாவதில் பதவி, மூன்றாவதில் ஆணையின் வலு.

சொல்லின் பிறப்பு

இந்தச் சொல்லின் தாய் இலத்தீன். ‘வக்காரே’ என்ற இலத்தீன் வினைக்கு ‘வெறுமையாக இருத்தல்’ என்று பொருள். ஆனால், பொருள் அதோடு நிற்கவில்லை. ‘கடமை இல்லாதிருத்தல்’, ‘ஓய்வாக இருத்தல்’ என்றும் அந்தச் சொல் விரிந்தது. வேலை இல்லாத நேரம், காலத்தில் ஏற்படும் ஒரு வெற்றிடம் அல்லவா?

அந்த ஒரே வேரிலிருந்து கிளைத்த ஆங்கிலச் சொற்கள் பல. வெறுமையான இடம் ‘வேக்கன்ட்’. நிரப்பப்படாத வேலை ‘வேக்கன்சி’. காற்றும் இல்லாத வெற்றிடம் ‘வேக்குவம்’. கடமையிலிருந்து விடுபட்ட காலம் ‘வெக்கேஷன்’. ‘தவிர்’ என்ற பொருளில் நாம் இன்று வழங்கும் ‘அவாய்ட்’ என்ற சொல்லும் பழைய பிரெஞ்சு வழியாக வந்த உறவினர்தான். அதன் பழைய பொருள் வெறுமையாக்குதல்.

‘வெக்கேஷன்’ ஆங்கிலத்துக்கு முன்பே வந்துவிட்டது. 14 ஆம் நூற்றாண்டிலேயே அது வழக்கில் இருக்கிறது. ‘வெக்கேட்’ பின்னால் வந்த தங்கை. 17 ஆம் நூற்றாண்டில் சட்டச் சொல்லாக, ‘செல்லாததாக்கு’ என்ற பொருளோடு நுழைந்தது. ‘இடத்தை விட்டு நீங்கு’ என்ற பொருள் 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் நிலைபெற்றது. அதாவது, முதலில் ஆணைகளை வெறுமையாக்கிய சொல், பிறகு வீடுகளை வெறுமையாக்கத் தொடங்கியது.

பல்கலைக்கழகத்தின் முதலாண்டில், நூலகத்தில் ஒரு பெரிய ஆங்கில அகராதியைப் புரட்டியபோதுதான் இதைக் கண்டேன். ‘வெக்கேட்’, ‘வெக்கேஷன்’ இரண்டும் ஒரே பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே வேரைக் காட்டி நின்றன. பதினோரு வயதில் நான் போட்ட கணக்கு வேரளவில் சரி, வீட்டளவில் தவறு. அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே பருவத்தின் முடிவில் விடுதியில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். விடுமுறை தொடங்குவதால் மாணவர்கள் அறைகளைக் காலி செய்ய வேண்டும் என்பது செய்தி. அந்த ஒரே வாக்கியத்தில் அக்காளும் தங்கையும் சேர்ந்து நின்றார்கள். நண்பர்கள் எல்லாரும் ‘வெக்கேஷன்’ என்ற சொல்லைப் பார்த்துத் துள்ளினார்கள். என் கண் மற்றச் சொல்லில் நின்றது. திரும்பி வரப்போகிறவனுக்கு ‘வெக்கேட்’ என்பது விடுமுறையின் மறுபெயர். திரும்பி வர இடமில்லாதவனுக்கு?

தமிழில் என்ன சொல்கிறோம்?

‘வீட்டைக் காலி செய்’ என்பதே இன்று நம் எல்லாரின் வாயிலும் வரும் தொடர். இந்தக் ‘காலி’ தமிழ்ச் சொல் அன்று. வெறுமை என்று பொருள்படும் அரபுச் சொல் அது. பாரசீகம், இந்துஸ்தானி வழியாகத் தமிழுக்கு வந்தது. பிற நிலத்துச் சொற்கள் தமிழில் வந்து வழங்குவதைத் தொல்காப்பியர் மறைக்கவில்லை. இயற்சொல், திரிசொல், வடசொல் என்பவற்றோடு திசைச்சொல் என்றும் ஒரு வகை வைத்தார். காலியை அந்தத் திசைச்சொல் வரிசையில் சேர்க்கலாம். ஆங்கிலேயர் இலத்தீனிடம் கடன் வாங்கியதுபோல் நாம் அரபியிடம் வாங்கியிருக்கிறோம். இரண்டு கடனும் ‘வெறுமை’ என்ற ஒரே பொருளுக்குத்தான்.

மலாய்மொழியும் இதே வழியில்தான் போகிறது. ‘கோசோங்’ என்றால் வெறுமை. சீனியும் பாலும் இல்லாமல் தேநீர் வேண்டுமென்றால் ‘தே ஓ கோசோங்’ என்று கேட்கிறோம். நிரப்பப்படாத வேலை ‘ஜாவாத்தான் கோசோங்’. வீட்டைக் காலி செய்வது ‘மெங்கோசோங்கான்’. நம் நாட்டில் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு மூன்று மொழிகளில் இந்தச் செய்தி வந்து சேரலாம். மூன்றிலும் அடியில் இருப்பது ஒரே வெறுமை.

அப்படியானால் தமிழுக்கே உரிய சொல் இல்லையா? இருக்கிறது. ‘ஒழி’ என்ற வினைதான் அது. இன்று ‘ஒழிக’ என்று முழக்கமிடும்போது அழிவையே நினைக்கிறோம். ஆனால், ‘வீட்டை ஒழித்துக் கொடு’ என்பது தமிழ்நாட்டில் இன்னும் கேட்கக்கூடிய தொடர். ‘காலி செய்து கொடு’ என்பதே அதன் பொருள். ஆள் இல்லாத வீடு ‘ஒழிந்த வீடு’. இதே வேரில் பிறந்ததுதான் ‘ஒழிவு’. வேலை ஒழிந்த நேரம் ஒழிவு நேரம். அதன் பேச்சு வடிவம்தான் ‘ஒழிச்சல்’.

இங்கே சற்று நில்லுங்கள். “ஓய்வு ஒழிச்சல் இல்லாம” என்று என் பாட்டி அன்று சொன்னாரே, நினைவிருக்கிறதா? பள்ளிக்கூட வாசல் மிதிக்காத ஒரு கொழுந்து கிள்ளும் பெண்ணின் வாயில், இலத்தீன் மொழி செய்த அதே வேலையைத் தமிழ் செய்திருக்கிறது. ஒழித்துக் கொடுப்பது இடத்தை வெறுமையாக்குவது. ஒழிச்சல் காலத்தில் கிடைக்கும் வெறுமை. அங்கே ‘வெக்கேட்’, ‘வெக்கேஷன்’. இங்கே ‘ஒழி’, ‘ஒழிச்சல்’. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிக் குடும்பங்கள் ஒரே பாதையில் நடந்திருக்கின்றன. தமிழ் படிக்கும் மாணவர்கள் இதுபோன்ற இணைகளைத் தேடத் தொடங்கினால் ஓர் ஆய்வேட்டுக்கே பொருள் கிடைக்கும்.

எழுவாய் யார்?

பொருளைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இந்தச் சொல்லின் இலக்கணம். ‘வெக்கேட்’ செயப்படுபொருள் குன்றாவினை. அதன் செயப்படுபொருளாக வருவது இடம், பதவி, ஆணை ஆகியவைதாம். ஆள் வரமுடியாது. “உரிமையாளர் வாடகைக்காரரை வெக்கேட் செய்தார்” என்று எழுதினால் ஆங்கிலத்தில் பிழை. வாடகைக்காரர்தாம் வீட்டை ‘வெக்கேட்’ செய்ய முடியும். ‘வீட்டிலிருந்து வெக்கேட் செய்தார்’ என்ற போக்கில் இடையில் உருபு போட்டு எழுதுவதும் நம் மாணவர்கள் செய்யும் பிழை. வினைக்குப் பின் நேரே இடம்தான் வர வேண்டும்.

ஆளைச் செயப்படுபொருளாக ஏற்பது வேறொரு சொல்: ‘எவிக்ட்’. இதன் வேர் ‘வெல்லுதல்’ என்ற பொருளுடைய இலத்தீன் சொல். ‘விக்டரி’ பிறந்த அதே வேர். முழுமையாக வென்று வெளியேற்றுவது என்ற எண்ணம் அதில் மறைந்திருக்கிறது. ‘குவிட்’ என்று இன்னொரு சொல் உண்டு. அதன் வேரில் இருப்பது அமைதி. ‘குவயட்’ என்ற சொல்லின் உறவு. கடன் தீர்ந்து அமைதியாவது என்ற எண்ணத்திலிருந்து விட்டு நீங்குவது என்ற பொருள் வளர்ந்தது. 1942 ஆகஸ்டில் காந்தியடிகள் தொடங்கிய இயக்கத்தின் பெயரில் வந்த அந்த வினையைத் தமிழர்கள் ‘வெள்ளையனே வெளியேறு’ என்று முழங்கினார்கள்.

தமிழில் ‘வெளியேறு’ தன்வினை, ‘வெளியேற்று’ பிறவினை. ஒரு ‘ற்’ கூடும்போது செய்பவர் மாறிவிடுகிறார். ‘தொழிலாளி வெளியேறினார்’ என்பதில் எழுவாய் தொழிலாளி. ‘தோட்டம் தொழிலாளியை வெளியேற்றியது’ என்பதில் எழுவாய் தோட்டம். நடந்தது ஒன்றே. ஆனால், முதல் வாக்கியத்தில் அவர் தாமாகப் போனதுபோல் இருக்கிறது.

‘வெக்கேட்’ என்ற சொல்லை அலுவலகங்கள் விரும்புவதற்கு இது ஒரு காரணம் என்பது என் எண்ணம். தாத்தாவின் கடிதத்தில் ‘உம்மை வெளியேற்றுகிறோம்’ என்று எங்கும் இல்லை. ‘நீர் வெக்கேட் செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்’ என்றுதான் இருந்தது. கேட்டுக்கொண்டது யார் என்பதும் செயப்பாட்டுவினையில் மறைந்துவிட்டது. செயல் முழுவதும் தாத்தாவின் தலையில். வீட்டைக் காலி செய்பவர் அவர். மூட்டை கட்டுபவர் அவர். சாவியைக் கொடுப்பவரும் அவர்.

சட்டத்தில் இதற்குத் தோழியாக ஒரு தொடர் உண்டு: ‘வேக்கன்ட் பொசெஷன்’. ஆளும் பொருளும் இல்லாத வெறுமையான நிலையில் இடத்தை ஒப்படைப்பது. நிலத் தகராற்று வழக்குகளில் அடிக்கடி வரும் தொடர் இது. பினாங்கின் கம்போங் புவா பாலா 2009 இல் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டதை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தலைமுறைகளாகத் தமிழர்கள் மாடு வளர்த்து வாழ்ந்த ஊர் அது. வெறுமையாக ஒப்படைப்பது என்றால் அங்கே கறிவேப்பிலை மரத்தை என்ன செய்வது, தொழுவத்தை எங்கே கட்டுவது என்ற கேள்விக்குச் சட்டச் சொல்லில் இடமில்லை.

தமிழ்நாட்டிலும் இதே சொல் அண்மையில் மலையேறியது. திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையில், சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929 இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த காட்டில் தேயிலை வளர்ந்தது. நம் கேமரன் மலையில் பெருந்தோட்டமாகத் தேயிலை தொடங்கியதும் அதே 1929 இல்தான். குத்தகை 2028 இல் முடிய இருந்த நிலையில், 2024 இல் தோட்ட நிறுவனம் விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்துத் தொழிலாளர்களைக் குடியிருப்புகளைக் காலி செய்யச் சொன்னது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. அந்தத் திட்டத்தின் பெயரைப் பாருங்கள்: விருப்பம், ஓய்வு. அதனோடு சேர்ந்து வந்ததோ காலி. என் பாட்டி கேட்டிருந்தால் அங்கேயும் ஒரு துணிப்பை தைத்திருப்பார்.

தோட்டத்து வீட்டின் சிக்கல் இதுதான். வேலைக்கு ஆள் வேண்டும் என்பதற்காக வீடு கொடுக்கப்படுகிறது. நம் நாட்டில் தொழிலாளர் வீடமைப்பின் குறைந்தபட்சத் தரத்தை வகுக்க 1990 இல் தனிச் சட்டமே வந்தது. ஆனால், எவ்வளவு நல்ல வீடாக இருந்தாலும் அது வேலையோடு கட்டப்பட்ட வீடு. வேலை போனால் வீடும் போகும். அதனால்தான் நகரத்து அலுவலகத்தில் பணிநிறைவுக் கடிதம் ஓய்வைக் கொண்டுவருகிறது. தோட்டத்தில் அதே கடிதம் ‘வெக்கேட்’ என்ற சொல்லையும் கூட்டிக்கொண்டு வருகிறது.

லெம்பா பெர்த்தாமில் ஓர் இரவு

இந்தக் குடும்பத்தில் இன்னும் ஓர் உறுப்பினர் பாக்கி: ‘இவாக்குவேட்’. ‘வெளியே’ என்ற முன்னொட்டும் ‘வெறுமை’ என்ற வேரும் சேர்ந்தது. உடலிலுள்ளதை வெளியேற்றுவது என்ற மருத்துவப் பொருள் இதற்குப் பழமையானது. இன்று ஆபத்திலிருந்து மக்களை அப்புறப்படுத்துவதைக் குறிக்கிறது. ‘வெக்கேட்’ போலன்றி இது ஆளையும் இடத்தையும் செயப்படுபொருளாக ஏற்கும். ஊரையும் ‘இவாக்குவேட்’ செய்யலாம், ஊர்மக்களையும் செய்யலாம்.

வேறுபாடு இலக்கணத்தில் மட்டும் இல்லை. ‘வெக்கேட்’ என்றால் இடம் இன்னொருவருக்குத் தேவைப்படுகிறது. ‘இவாக்குவேட்’ என்றால் உங்கள் உயிர் உங்களுக்குத் தேவைப்படுகிறது. முன்னதில் தேதி இருக்கும். பின்னதில் நிமிடங்கள்தாம் இருக்கும்.

இதை எங்கள் ஊர் 2013 அக்டோபர் 23 ஆம் நாள் அதிகாலையில் கற்றுக்கொண்டது. லெம்பா பெர்த்தாம், ரிங்லெட்டில் இருக்கும் சுல்தான் அபு பக்கார் அணைக்குக் கீழே, பெர்த்தாம் ஆற்றங்கரையில் இருக்கும் பள்ளத்தாக்கு. அந்த இரவு கனமழை. நீர்மட்டம் உயர்ந்து அணை திறக்கப்பட்டது. நள்ளிரவு கடந்து சேறும் நீரும் ஆற்றங்கரை வீடுகளுக்குள் புகுந்தன. உயிர்கள் பறிபோயின, வீடுகளும் வாகனங்களும் அடித்துச் செல்லப்பட்டன. மலையில் காடழித்துச் செய்த விவசாயத்தாலும் கட்டுமானத்தாலும் மண் சரிந்து வந்து, ஆண்டுக்கணக்காக அந்த நீர்த்தேக்கத்தில் படிந்துகொண்டிருந்தது. நீர் நிற்க வேண்டிய இடத்தை மண் நிரப்பியிருந்தது. வெறுமையாக இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இல்லாததும் ஒரு காரணம்.

அப்போது நான் கோலாலம்பூரில் வேலையில் இருந்தேன். தாத்தா காலமாகிப் பத்து ஆண்டு ஆகியிருந்தது. எங்கள் பலகை வீடு சற்று மேட்டில் இருந்ததால் தப்பியது. ஆனால் முற்றம் வரைக்கும் சேறு. அப்பா பாட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டுச் சாலைக்கு வந்து, அங்கிருந்து துயர் துடைப்பு மையத்துக்குப் போயிருக்கிறார். மறுநாள் நான் போய்ச் சேர்ந்தபோது பாட்டி ஒரு பாயில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், கடிதத்தைப்போல் மடித்த அரசாங்கத் தாள் ஒன்று. பதிவுப் படிவம். அதை என்னிடம் நீட்டினார்.

“பாரு தம்பி, என்னா போட்டிருக்கு? இந்தத் தடவ லீவா, காலியா?”

பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நானும் பாட்டியும் மட்டும் சிரித்தோம். இருபத்திரண்டு ஆண்டு கழித்து அவர் அதைப் பற்றி என்னிடம் பேசியது அதுதான் முதல் முறை. நான் படிவத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னேன். “இது ரெண்டும் இல்ல பாட்டி. வீட்டுக்குத் திரும்பிப் போகலாம்” என்றேன். நான்கு நாள் கழித்து வீட்டுக்குப் போனோம்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இந்தச் சொல்லின் வரலாற்றில் ஓர் ஆறுதலும் உண்டு. ‘வெக்கேட்’ என்ற சொல்லுக்கு ஆணையைச் செல்லாததாக்கும் பொருளும் இருக்கிறது என்றேன் அல்லவா? வீட்டை ‘வெக்கேட்’ செய்யச் சொல்லும் ஆணையையே, தக்க காரணம் காட்டினால், நீதிமன்றம் ‘வெக்கேட்’ செய்யலாம். ஒரே சொல் இரண்டு பக்கமும் வெட்டும். ஆனால், கடிதத்தில் என்ன இருக்கிறது என்று உரிய நேரத்தில் தெரிந்தவருக்குத்தான் மறுபக்கம் பயன்படும். ஐந்து நாள் என்பது சிறிய கணக்கு இல்லை.

அன்புத் தம்பி தங்கைகளே, தோட்டங்களிலும் கம்பங்களிலும் இன்றும் நம் தாத்தா பாட்டிகள் ஆங்கிலத்திலோ மலாயிலோ வந்த கடிதத்தை வைத்துக்கொண்டு, வீட்டில் படித்த பிள்ளை எப்போது வரும் என்று காத்திருக்கிறார்கள். நீங்கள் விடுமுறைக்குப் போகும்போது அந்தத் தாள் உங்கள் கைக்கு வரும். அப்போது மூன்று செய்திகளைத் தேடுங்கள்: யார் செய்ய வேண்டும், எதைச் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள். எழுவாய் மறைந்திருந்தால் தோண்டி எடுங்கள். ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாவிட்டால், “இந்தச் சொல் எனக்குத் தெரியல, கேட்டுட்டு வர்றேன்” என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. பிழை பிறந்தது அந்த வெட்கத்தில்தான். அகராதி இல்லாததால் அன்று.

பாட்டியைப் பத்துமலைக்கு அழைத்துப் போனேனா என்று கேட்பீர்கள். போனேன்; 2014 இல், என் ஆண்டு விடுப்பில். படிகள் ஏற முடியாது என்று கீழேயே உட்கார்ந்து, முருகன் சிலையை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டார். இந்த முறை புதிதாகத் தைத்த துணிப்பையோடு வந்திருந்தார்.